கிளட்சுக்குத் தோல் வெட்டிய தோஸ்துக்கு

இன்று லாங் பஜாரில் எண்ணெய்க் கடையைத் தாண்டும்போது விளக்கெண்ணெய் வாடை வந்தது. மற்றவர்களுக்கு அது வயிற்று மருந்து. எனக்கு நீயும் அந்த மோட்டார் வண்டியும்தான், தோஸ்த்.

பாகாயத்தில் ஒரு பழைய பங்களாவின் ஷெட்டில் கிடந்தது அது. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துக்காரன் ஒருவன் யோசித்து யோசித்துச் செய்தது. பெயர்த்தகடு தேய்ந்து அவன் பெயரே போய்விட்டிருந்தது. எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நகராவிட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டார் பங்களா வீட்டுக்காரர். உனக்குச் சோறு இறங்கவில்லை; நாங்களே சரிசெய்து பார்க்கிறோம் என்று அவரிடம் கேட்டு வாங்கினாய்.

கிளட்சைக் கழற்றினோம். எஞ்சினின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் இரும்புக் கூம்பு. அதைச் சுற்றி மக்கிப்போன மாட்டுத்தோல்!

"இன்னா மூளைடா இது! இரும்ப இரும்பு புடிக்காதுன்னு தோலச் சுத்தி வச்சிக்கீறான்" என்று அந்த முகம் தெரியாதவனுக்கு ஒரு சலாம் வைத்தாய். எனக்கும் மலைப்பாகத்தான் இருந்தது. முன்னால் ஒரு மோட்டார் வண்டிகூடப் பார்க்காமல் அவன் இதை எப்படி நினைத்தான்?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறவர்கள் நாம், நமக்குத் தெரியாத தோலா? கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் முதல் தரத் தோலைப் பொறுக்கி ஒட்டினோம். எஞ்சின் கத்தியது, கிளட்ச் வழுக்கியது, வண்டி அசையவே இல்லை.

"பேஜாராயிடுச்சு தோஸ்த். ஷூவுக்குப் பாக்கற கண்ணாலயே பாத்துட்டோம். இதுக்கு அழகு வேணாம், புடிச்சாப் போதும்" என்றாய்.

மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய முரட்டுத் தோலை விளக்கெண்ணெயில் ஊறவைத்து, சொரசொரப்பான பக்கம் வெளியே தெரிய ஒட்டினாய். கையை உன் சிவப்புத் துண்டில் துடைத்தாய்.

ஞாயிறு காலை வண்டி நகர்ந்தது. ஓட்டிய என் பக்கத்தில் நீ ஏறி உட்காரவில்லை. துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாய்.

"ஆரம்பத்துல அவங்க ஊர்ல இதான் சட்டமாம். மோட்டார் வருதுன்னு ஒரு ஆளு செவப்புக் கொடியோட முன்னாடி நடக்கணுமாம். நான் ஏறிட்டா வண்டிய எப்டிப் பாக்கறது?"

திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாய். ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் இரும்புக் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

போன மாதம் உன் ஜனாஸாவைத் தோளில் சுமந்து அடக்கத்துக்குக் கொண்டுபோனபோது ஆம்பூர் பஜாரில் டூவீலர்கள் வழிவிடாமல் நெருக்கின. உன் வீட்டு ஆணியிலிருந்து எடுத்து வந்த அந்தத் துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போய்விட்டேன். வண்டிகள் ஒதுங்கின. திரும்பித் திரும்பி உன்னைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

துண்டு என் பையில்தான் இருக்கிறது. விளக்கெண்ணெய்க் கறை போய்விடும் என்று துவைக்கவில்லை.