ஞாயிறு காலை இறங்கும் கப்பல்கள்

கிருஷ்ணகிரி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள விமல்,

உன் கப்பல்கள் இன்னும் பயணத்தில்தான் இருக்கின்றன. இன்று காலை உன் அறைத்தோழன் ராஜசேகர் தன் போனில் பார்த்துச் சொன்னான். ஒரே அணி என்பதால் அவனுக்குத் தெரிகிறது. உன்னைப் பற்றி உறுதியான கடைசிச் செய்தி இதுதான். உன் போன் அணைந்திருப்பதால், நீ ஆடும் அந்த விண்வெளி விளையாட்டில் நானும் சேர்ந்து, அதன் வழியாகவே இதை அனுப்புகிறேன்.

ஓசூர் கம்பெனியில் உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்பது நீ போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உன் பைக் பர்கூர் பக்கம், தண்ணீர் நிறைந்த கல்குவாரி ஓரத்தில் நின்றது. பூட்டியிருந்தது. தீயணைப்பு வீரர்கள் இறங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா சாப்பிடுகிறாள் என்று எழுதத்தான் ஆசை.

விளையாட்டில் எனக்கும் ஒரு சிறு கோள் கிடைத்தது. முதல் நாளே இருந்த கப்பலையெல்லாம் தாக்குதலுக்கு அனுப்பி இழந்தேன். நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் படையைக் கோளில் நிறுத்த மாட்டார்கள், வேலை முடியும் நேரத்துக்குத் திரும்பும்படி தூரப் பயணத்தில் விடுவார்கள், வழியில் இருக்கும் படையை யாராலும் அடிக்க முடியாது என்று ராஜசேகர் விளக்கினான்.

அதன் பிறகும் நான் பத்திரிகைக்காரன் வேலையைத்தான் செய்தேன். எல்லோரும் படிக்கும் பொது அரட்டையில் உன் பெயர், ஊர், காணாமல்போன நாள் எல்லாம் பிழையில்லாமல் எழுதி, தகவல் கேட்டேன். ஒருவரும் தரவில்லை. மதியத்துக்குள் எதிரணி ஆட்டக்காரர்கள் உன் கோளைச் சூறையாடிவிட்டார்கள். "என்னங்கப்பா, வீடு பூட்டிக் கெடக்குதுன்னு நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களே" என்றான் ராஜசேகர்.

படை மட்டும் தப்பியது. பைக் நின்ற அன்று மாலைதான் நீ அதை அனுப்பியிருக்கிறாய், இருப்பதிலேயே நீண்ட பயணத்துக்கு. திரும்பி வருகிறவன்தான் அப்படி அனுப்புவான் என்கிறான் அவன். இதற்கு வேறொரு பொருளும் உண்டு. இத்தனை வருஷம் இரு தரப்பையும் எழுதியவன் நான். இந்த ஒரு முறை எழுத மாட்டேன்.

படை திரும்பும் நேரத்தை எதிரிகளும் வேவு பார்த்துவிட்டார்களாம். இறங்கியதும் நீ மறுபடி கிளப்பாவிட்டால் நொறுக்கிவிடுவார்கள். புதிதாகக் கட்டிய என் சின்னக் கப்பல்களை உன் கோளில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறேன். ஒரு நிமிடம்கூடத் தாங்காது. இருக்கட்டும்.

படை ஞாயிறு காலை ஆறு மணிக்கு இறங்குகிறது. குவாரித் தண்ணீரை இறைக்கும் மோட்டார்கள் திங்கட்கிழமை வருகின்றன. வீட்டுக்கு வர மனமில்லையென்றால் பரவாயில்லை. ஞாயிறு காலை உன் பெயருக்குப் பக்கத்தில், நீ ஆட்டத்துக்குள் வந்திருப்பதைக் காட்டும் அந்தப் பச்சை விளக்கு எரிந்தால் போதும். நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருப்போம். நல்லா இரு சாமி.

உன் அப்பா,
மாதேஸ்வரன்