முடி இழந்தான்

மாப்ள,

இன்று காலை உத்தமபாளையம் சலூனில் துணியைக் கழுத்தில் சுற்றிவிட்டு, "முடிய ஒட்ட எடுத்துரவாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிப்போனது. எல்லாம் உன்னால்தான், பாவி.

கல்லூரியில் நீ எழுதிய வரலாற்றுப் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? பழைய பிரான்சில், பிராங்கு நாட்டில், ராஜா அரச அடையாளமான நீண்ட முடியோடு சும்மா உட்கார்ந்திருந்தார். நாட்டை நடத்தியதெல்லாம் அரண்மனைப் பொறுப்பில் இருந்த ஒரு பிரபு. பேர் உள்ளவன் அரசனா, பாடுபடுகிறவன் அரசனா என்று அவர் போப்பிடம் ஆளனுப்பிக் கேட்டார். பாடுபடுகிறவனே என்று பதில் வந்தது. ராஜாவின் தலையை மழித்து மடத்துக்கு அனுப்பிவிட்டு, பிரபு அரசரானார். இத்தனைக்கும் நீ எழுதியது ஒரே வரி: "ராஜா முடி இழந்தான்."

"கிரீடமாடா, தலைமுடியாடா?" என்று வகுப்பில் கேட்டார் வாத்தியார்.

"ரெண்டும்தேன் சார்."

ஓடைப்பட்டியில் மதுரைக்காரரின் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போனதும் அந்தப் பிரபு உனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். முதலாளி எப்போதாவது காரில் வந்து பழம் தின்றுவிட்டுப் போவார். கொடிகளைக் கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, வியாபாரியிடம் மல்லுக்கட்டுவது எல்லாம் நீ.

"தோட்டம் ஒனக்குத்தேன்னு மொதலாளி சொல்லிட்டாக மாப்ள" என்பாய். எழுதி வாங்குடா என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டாயா?

முதலாளி போய்ச் சேர்ந்தார். மகன்கள் விற்க வந்தார்கள். நீ ஊர்ப் பெரியவர் முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டாய்: "பேரு வச்சிருக்கவனுக்கா, பாடு பாத்தவனுக்கா?"

"பட்டா யாரு பேர்லப்பா இருக்கு?" என்றார் அவர். பந்தல் கால்களைப் பிடுங்கிப் போட்டு வீட்டுமனை ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம் உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற ஏறத் தலை மொட்டையானது. அதைத் தடவிக்கொண்டே, "ராசாவாகாமலே முடி போச்சே மாப்ள" என்றாய்.

"வளரும்டா" என்றேன். அது வளரும்வரை நீ இருக்கவில்லை.

அந்தப் பிரபுவின் கதையை நீ படிக்காமலே இருந்திருக்கலாம். பாடுபட்டவனுக்கு எங்கேயோ ஒருமுறை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததுதான் உன்னைக் கெடுத்தது.

"என்னண்ணே, எடுத்துரவா?" என்று மறுபடியும் கேட்டார் கடைக்காரர்.

"வேணாம்ப்பா, இருக்கட்டும்" என்று துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தலையில் இருந்த அத்தனை முடியோடும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.