எடுக்காத போன்

செவ்வாய், இரவு.

காலையில் கடலூர் துறைமுகத்தில் இருக்கும் என் ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்தது. வேலையாட்கள் எல்லோரும் பின்வாசல் வழியாக வெளியே ஓடிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிருபர் சலீம் விடாமல் போன் அடித்தார். "எடுக்காதீங்க மாமா, எதச் சொன்னாலும் திரிச்சிப் போட்டுடுவாங்க" என்றான் மச்சான். எடுக்கவில்லை. மதியமே செய்தி வந்துவிட்டது: 'தொழிலாளர்கள் கதி என்ன? நிர்வாகம் மௌனம்.'

எரிச்சலாக வந்தது. தீபாவளி தவறாமல் இந்த ஆளுக்கு ஸ்வீட் பாக்ஸ் போகிறது. சாயங்காலம் இன்னொரு பாக்ஸோடு சிதம்பரத்தில் அவர் வீட்டுக்கே போனேன். "கொஞ்சம் நல்லவிதமா போட்டுடுங்க பாய்" என்றேன்.

அவர் பாக்ஸைத் தொடவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அதத்தானே போட்டிருப்பேன்? நான் மொதல்ல கூப்பிட்டது நியூஸுக்கே இல்லீங்க. எங்க அக்கா பையன் ஒங்ககிட்டதான் வேல பாக்குறான். அவன் போனுதான் ஒங்க கேட்டுல கெடக்குதே. அக்கா அங்கதான் வந்து அழுதுக்கிட்டு நின்னுச்சு."

யாரும் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிடக் கூடாதென்று, வேலையாட்களின் போனை கேட்டில் வாங்கி வைக்கச் சொன்னவன் நான்தான்.

பாக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அம்மாவை நான் பார்த்தேன் என்று சலீமிடம் சொல்லவில்லை. காலையில் கேட்டருகே என் கார் கண்ணாடியைத் தட்டியது அவர்தான். பிரஸ்காரர்கள் அனுப்பிய ஆளாக இருக்கும், எதுவும் சொல்லாதே என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.