வெள்ளிக்கிழமை தட்டைத் தொடுவது யார்

திருவண்ணாமலை

அன்புள்ள செழியன் அண்ணனுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்டு இருபது நாள் ஆகிறது. அப்பா சொல்லச் சொல்ல எழுதத்தான் உட்கார்ந்தேன். தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லு, வெயில்ல அலைய வேணாம்னு சொல்லு என்று இரண்டு வரி சொன்னவர், மீதியை நீயே எழுதும்மா என்று எழுந்து போய்விட்டார். ஒன்பதாவதோடு நின்றவள் எழுதுவது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நீ ஃபோனை எடுப்பதில்லை, மெசேஜைப் பார்த்ததாக நீலக் கோடு மட்டும் வருகிறது. அதனால்தான் நாளைக்கு மும்பை ரயில் ஏறும் தசரதன் மாமா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கீழ்பென்னாத்தூர் கல்யாணத்தில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். நீ ஒத்துக்கோப்பா, தவிலுக்கு நான் வந்துடுறேன் என்று நீ சொன்னதை நம்பித்தான் அப்பா ஒத்துக்கொண்டார். உன் தவிலையும் தூக்கிக்கொண்டு போனோம். அப்பா நாயனத்தை உறையிலிருந்து எடுக்காமல் மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் ஃபோன் ஆஃப். வேறு தவிலுக்குக் காசி அண்ணனைக் கூப்பிட்டால், முகூர்த்த நாள்ல இப்ப கேட்டா நான் எப்படி வர்றது என்று ஃபோனை வைத்துவிட்டார். பெண்ணின் அப்பா ராமதாஸ் வந்து, இன்னாங்க, உங்க பையன் பம்பாயிலேர்ந்து நடந்து வர்றானா, செல்லுல மேளம் போட்டுக்கவா என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தாளம் போடத்தான் போயிருந்தேன். நீ போன பிறகு உன் தவிலில் நான் தட்டிப் பழகுவது அப்பாவுக்குத் தெரியும், தெரியாதவர் மாதிரியே இருப்பார். அன்றைக்கு என்னைப் பார்த்து, உட்காரும்மா என்றார். தவிலுக்கு விரலில் மாட்டும் உன் கூடு எனக்குப் பெரியது, உள்ளே துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன், தலையை நிமிர்த்தவே இல்லை. ஐயர் கை காட்டியதும் கெட்டிமேளம் ஆரம்பித்தவளுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை, அட்சதை எல்லாம் விழுந்து முடிந்தும் கை நிற்கவில்லை. போதும் பொண்ணு, மூணு முடிச்சும் ஆயிடுச்சு என்று ராமதாஸே வந்து சொன்னார். மறுபடியும் சிரித்தார்கள், ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் நீ மும்பையில் கிடார்காரர்களோடு மேடையில் வாசித்த வீடியோவை அம்மா பார்த்துவிட்டாள். நல்லாத்தான் வாசிச்சிருக்கான் என்றாள். வர முடியாது என்று ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் காசி அண்ணன் கிடைத்திருப்பார்.

இப்போது அடி அண்ணாமலை அம்மன் கோயிலிலிருந்து, பத்து நாள் திருவிழாவுக்குக் கேட்டு, தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். நாயனக்காரரும் தவில்காரரும் சேர்ந்து தட்டைத் தொட்டால்தான் நம் வீட்டில் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். நீ அங்கே போனதிலிருந்து உனக்கும் சேர்த்து அப்பாவே இரண்டு கையாலும் வாங்குவார், கீழ்பென்னாத்தூருக்கும் அப்படித்தான் வாங்கினார். இந்த முறை தொடவில்லை. அவன் கைக்கு என் கை இனிமே ஜாமீன் நிக்காதுங்க, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாங்க என்று அனுப்பிவிட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் தினமும் சாயங்காலம் தவிலை எடுத்து என் முன்னால் வைக்கிறார். சாமி வீதியில் வரும்போது எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து நாள் தாங்குவேனா என்றும் தெரியவில்லை. ஆனால் அப்பா இன்னொரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதை என்னால் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார்கள். அதற்குள் நீ வந்தால் நான் தள்ளிக்கொள்கிறேன், எனக்கு அதில் வருத்தமே இல்லை. வரவில்லை என்றால் நான் தொடுவேன். தொட்ட பிறகு நீ வந்தால், அந்தப் பத்து நாளும் தாளம்தான் உனக்கு.

அப்பாவும் அம்மாவும் உனக்கு எல்லா நலமும் சேர வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. வருவதாக இருந்தால் ஃபோன் செய்து சொல்ல வேண்டாம், வந்து நில், போதும்.

அப்பாவுக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கை கவிநிலா