சூட்டுக்கு விட்ட ரெண்டு பாயிண்ட்

8-2-88, திங்கள்

காலையில் பனி. லேத் முழுக்க ஈரம், துடைத்து எண்ணெய் போட்டேன். கரண்ட் பத்து மணிக்குத்தான் வந்தது.

மயிலம் பக்கத்து ஆளின் பம்பு ஷாஃப்ட். பாபு கடைந்தான். பேரிங் லொடலொட. பழைய கதைதான். சுடச்சுட அளந்து சைஸுக்கு இறக்கிவிட்டான், ஆறியதும் இரும்பு சுருங்கிவிட்டது. கடையும்போது தண்ணீர் ஊற்றும் மோட்டார் எங்கள் லேத்தில் செத்து வருஷக்கணக்காகிறது. அதனால் சூட்டுக்கென்று ரெண்டு பாயிண்ட் கூட விட வேண்டும். மில்லிமீட்டரை நூறு பங்கு போட்டால் அதில் ரெண்டு. ஆறினால் சரியாக வந்து நிற்கும். என் கை தானாக விட்டுவிடும். இவனுக்கு ஏறவே இல்லை.

"இன்னா மாமா பண்றது, மைக்ரோமீட்டர் சரியாத்தான் காட்டுச்சி."

"அது காட்டும்டா. சுடுதான்னு ஜாப தொட்டுப் பாத்தியா நீ?"

பெண்டாட்டி சரோஜாவின் தம்பி. இதற்கு மேல் திட்டினால் வீட்டில் சோற்றில் உப்பு இருக்காது. வேறு துண்டு எடுத்து நானே கடைந்து கொடுத்தேன்.

10-2, புதன்

பாண்டிச்சேரி கம்பெனியிலிருந்து கார்டு. எனக்கும் பாபுவுக்கும். வெள்ளிக்கிழமை டெஸ்ட். இடம் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஓடுகிற லேத்தாம், சி.என்.சி. என்கிறார்கள்.

வேறு நினைப்பே ஓடவில்லை. ஐ.டி.ஐ. முடித்ததிலிருந்து இந்த ஒரே ஓட்டை லேத். வயசு முப்பத்துமூன்று. இதை விட்டால் அடுத்த இடத்தில் வயசைச் சொல்லியே கழித்துவிடுவார்கள்.

எடுத்துப்போக: சர்ட்டிபிகேட், அதன் நகல், நானே சாணை பிடித்த டூல் ரெண்டு, மோர் சாதம்.

ஓனரிடம் லீவுக்குச் சொன்னது: எனக்குச் சொந்தத்தில் கல்யாணம், பாபுவுக்கு வயிற்றுவலி.

சரோஜா: "அவனும் வர்றானா? சும்மா ஊரப் பாத்துக்கினு வரட்டும், பாவம்." எனக்கும் அதே எண்ணம்தான்.

12-2, வெள்ளி

நல்ல வெயில். டெஸ்ட் சாதாரண லேத்தில்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த மெஷின். கதவு மூடிக்கொள்கிறது, உள்ளே தானே கடைகிறது. பார்த்துக்கொண்டே நின்றேன், பேர் கூப்பிட்டது காதில் விழவில்லை.

எனக்குக் கொடுத்த லேத்தில் பால் மாதிரி எண்ணெய்த் தண்ணீர் கடைகிற இரும்பின் மேல் ஓயாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. ரசித்தேன். யோசிக்கவில்லை.

நாற்பது மில்லி ஷாஃப்ட். ஒரு பாயிண்டுக்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. முதலில் முடித்தவன் நான். வழக்கம்போல ரெண்டு பாயிண்ட் கூட விட்டேன். துடைத்து மேஜையில் வைக்கும்போதுதான் கையில் உறைத்தது. ஜில்லென்றிருந்தது. இனிமேல் எங்கே ஆறி, எங்கே சுருங்க?

"சார், ஒரே ஒரு கட் எடுத்துக்கறேன் சார்."

"வெச்சப்புறம் எடுக்க விடமாட்டோங்க." டெஸ்ட் வைத்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

பாபு எப்போதும் போல மைக்ரோமீட்டர் காட்டியதை நம்பி வைத்தான். நாற்பது. அச்சு பிசகாமல் நாற்பது. அவனையே எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து, "மாமா, நீங்க எப்டி..." என்று ஆரம்பித்தான். "ஜல்தி போயி அம்மாகிட்ட சொல்லு" என்று விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நான் திண்டிவனம் பஸ். ஜன்னல் சீட்டு. மோர் சாதம் புளித்துப்போயிருந்தது, சாப்பிட்டேன்.

13-2, சனி

சரோஜாவுக்குப் புரியவைக்கப் பார்த்தேன்.

"அப்ப தப்பா அளக்கறவனுக்கு வேல, சரியா அளக்கறவருக்கு இல்லியா?"

"அங்க தண்ணி ஊத்தறாங்க."

"இங்கயும் ஊத்திக்கினு பழகியிருக்கலாம் இல்ல?"

தம்பிக்குக் கிடைத்த சந்தோஷத்தை எனக்காக மறைத்துக்கொண்டு இட்லி வைத்தாள். மறைக்காமலே இருந்திருக்கலாம்.

ஓனர்: "கல்யாணம் எப்டிப்பா?"

"நல்லபடியா முடிஞ்சிதுங்க."

நாள் முழுக்க பெல்ட் புல்லி கடைசல். டூல் ரெண்டு தரம் முறிந்தது.

28-2, ஞாயிறு

பாபு வந்தான். சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை. நீல யூனிபாரத்தை மடித்து எடுத்து வந்து காட்டினான். சரோஜா மீன் குழம்பு. எனக்குத்தான் பெரிய துண்டு வைத்தாள்.

மெஷினைப் பற்றியே பேச்சு. அளவை நம்பராகத் தட்டிவிட்டால் போதுமாம். "முடிவெட்டக்கூட லீவு இல்ல மாமா, ஒரே பேஜாரு" என்று சலித்துக்கொண்டான். எனக்கு அந்தச் சலிப்புக்கூடக் கிடைக்கவில்லை.

கை கழுவியதும் கேட்டேவிட்டேன். "நம்பர் எப்டிடா போடறாங்க? காட்டு."

சரோஜாவைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கே பாதிதான் தெரியும் மாமா. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்." காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, மேலே, பக்கத்தில், எழுத்தும் நம்பருமாக எழுதினான். நான் ஒரு ஷாஃப்ட்டுக்கு எழுதிக் காட்டினேன். "அப்டி இல்ல மாமா" என்றான். மறுபடி எழுதினேன். மறுபடியும் அப்படி இல்லையாம்.

கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. அடுத்த ஞாயிறும் அவனை வரச் சொல்லியிருக்கிறேன்.