உங்கள் பெயரில் விழுந்த ஒப்புதல்

அக்கா,

இன்று காலை ரேஷன் கடை மிஷின் என் விரலை மூன்று முறை ஏற்கவில்லை. “ரேகை தேய்ஞ்சு போச்சும்மா. முந்தானையில தொடச்சிட்டு வைங்க” என்றாள் கடைக்காரப் பெண். துடைத்துக்கொண்டு நின்றபோது உங்கள் விரல்தான் நினைவுக்கு வந்தது.

நம் உழவர் குழுவுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. எந்த வயலில் யார் சாகுபடி என்று அதில் பதிய வேண்டும். தலைவியான நீங்கள் விரல் வைத்தால்தான் பதிவு செல்லும். நாற்பது வருஷம் நாற்றுப் பறித்து நடவு நட்ட விரலில் ரேகை எங்கே இருக்கும்? மிஷின் சிவப்பு விளக்கையே காட்டியது. “என்னைய ஆளாவே ஒத்துக்க மாட்டேங்குதே. இதுக்குப் பண்ணையாரே தேவல போலருக்கு” என்றீர்கள். அறையே சிரித்தது.

கடைசியில் விரலுக்குப் பதிலாகப் பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நம் சாமி மாரியாயி பெயரைப் போட்டு, பின்னால் உங்கள் வீட்டுக் கதவு எண்ணைச் சேர்த்தீர்கள். “எனக்கு மறந்துடும்மா. உன் நோட்டுல குறிச்சு வையி. யார் கண்ணுலயும் படக் கூடாது.”

குழுக் கணக்கை எழுதிவந்தாலும், ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். கணக்கு எழுதப் பழகியதே கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நம்பிக்கை. நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, அதை எழுதினேன். சாமிக்குப் பக்கத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைத்த புத்தி.

என் கொழுந்தனுக்கும், அந்த மூன்று மா நிலத்தை உழுத குத்தகைக்காரருக்கும் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியாததா? ஆட்சி மாறும், கொடி மாறும், அது மட்டும் ஓயாது. ஒருநாள் கொழுந்தன், “உரக் கணக்கு பாக்கணும் அண்ணி” என்று நோட்டைக் கேட்டான். கொடுத்தேன்.

அறுப்பு முடிந்து குத்தகைக்காரர் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். அவர் வயலில் சாகுபடி செய்தவர் என்று கொழுந்தன் பெயர் இருந்தது. மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தவர் நீங்கள் என்றது கம்ப்யூட்டர்.

குழுக் கூட்டத்தில் குத்தகைக்காரர் கத்தவில்லை. “நம்ம தெருவுலேந்து ஒருத்தி நாற்காலியில உக்காந்தாளேன்னு சந்தோசப்பட்டேன். எவ்வளவு வாங்குன?” என்று கேட்டார்.

“அத மாத்துன அன்னிக்கு நான் ஊர்லயே இல்லண்ணே. திருக்காட்டுப்பள்ளியில மவ வீட்டுல இருந்தேன்.”

“உன் பேருதானே நிக்குது.”

நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். நோட்டு என் மடியில் இருந்தது. எதிரே கொழுந்தன். வீட்டு மானம் என்று வாயை மூடிக்கொண்டேன். “இவகிட்டதான் குடுத்து வச்சேன்” என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குத்தகைச் சீட்டைக் காட்டியதும் வயல் பதிவைத் திருத்திக் கொடுத்தார்கள். உங்கள் பெயரைத் திருத்த யாரும் இல்லை. தலைவி பொறுப்பை விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போனீர்கள். இரண்டு வருஷம் கழித்துச் சாவுச் செய்திதான் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “அம்மாவுக்குத் தெரியும் சித்தி. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க” என்றாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நோட்டின் அந்த முதல் பக்கத்தை விரித்து வைத்துச் சொல்லிவிட்டேன். குத்தகைக்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கொழுந்தன் வீட்டோடு பேச்சு நின்றுபோனது. இந்தத் துணிச்சல் நீங்கள் கேட்க முடியாத பிறகுதான் எனக்கு வந்தது, அக்கா.

இப்போதெல்லாம் யாராவது பாஸ்வேர்டைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறேன். உங்களுடையதை மட்டும் மறக்க முடியவில்லை. விளக்கேற்றி “மாரியாயி” என்று கைகூப்பினால் நாக்கு அதோடு நிற்பதில்லை. பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டின் கதவு எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது.