பல் தேய்க்கும் விலாசம்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் உட்கார்ந்தால் பாப்பா பேனாவைப் பிடுங்குகிறாள். அவள் தூங்கிய பிறகு, அவளுடைய மூச்சை ஒரு காதால் கேட்டுக்கொண்டே எழுதத்தான் முடிகிறது. உன் தூக்கம் இனிக் கெடாது என்ற தைரியமும் உண்டு.

சாயங்காலம் உன் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிப் பார்த்தேன். உன் அம்மா ஸ்கூட்டர் சாவியோடு சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து அது அலமாரி மேல்தான் இருந்தது. உள்ளே இன்னும் நீ தேய்க்கும் காய்ச்சின எண்ணெய் வாசனை, மழையில் நனைந்து சரியாகக் காயாத பஞ்சின் வாசனை. எத்தனை வருஷம் அந்த வாசனைக்குப் பின்னால் உட்கார்ந்து கழக்கூட்டத்து ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறேன். பைபாசில் லாரி உரசிக்கொண்டு போகும்போது நான் ஐயோ என்றால், "எடீ, பின்னாடி இருக்கிற மூட்டை பேசக்கூடாது" என்பாய்.

உன்னைப் போல இகழத் தெரிந்தவளை நான் பார்த்ததில்லை. கத்தவே மாட்டாய். மேலதிகாரி திட்டி முடிக்கும்வரை அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பாய். முடிந்ததும், "சரி சார், இனி வேலையைப் பார்க்கலாமா?" என்பாய். அப்படிப்பட்ட உன்னைப் போன மழைக்காலத்தில் ஓர் எலிக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. துக்கத்துக்கு வந்த ஆபீஸ்காரர்கள், நல்லவர்களைத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிடுகிறார் என்றார்கள். நீ இருந்தபோது உன்னை நல்லவள் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஹர்த்தால் நாள். பாப்பாவுக்குக் காலையிலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. இவர் மஸ்கட்டிலிருந்து போனில் தைரியம் மட்டும் அனுப்பினார். உன் ஸ்கூட்டர் கீழே சும்மா நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் தட்டினேன். அவர் காரை எடுக்கச் சம்மதித்தார், எடுத்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் பின்சீட்டில் செய்தித்தாள் விரித்தார். "குட்டி வாந்தி எடுத்தா சீட் போகும் கேட்டோ." என் பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், அந்த மனுஷர் தாளின் ஓரங்களைச் சீராக மடித்துச் செருகிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி வரும்வரை பெண்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பிரசங்கம் வேறு. "லேடீசுக்கு ரோட்டுல ஒரு வெப்ராளம் உண்டு மோளே, ஒரு பதற்றம்." அவர் அந்தக் காலி ரோட்டில் இரண்டாம் கியரைத் தாண்டவேயில்லை.

இன்னொரு தடவை அந்தச் செய்தித்தாளில் உட்கார மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன். எல்.எல்.லுக்கு, அதான் பழகுநர் லைசென்சுக்கு, விண்ணப்பித்தேன். நேராக, ஏஜென்ட் இல்லாமல், நீ செய்த மாதிரியே. டிரைவிங் ஸ்கூல்காரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்: "சேச்சி, தனியே போனா சுத்தி சுத்தி வருவீங்க."

சுற்றத்தான் செய்தேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. என் ஆதாரில் இருப்பது நாகர்கோவில் பக்கத்து மாமியார் வீட்டு விலாசம். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியுமே. பிழைப்பு இங்கே, பிரசவம் இங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் இங்கே. ஆதாரும் ரேஷன் கார்டும் ஓட்டும் மட்டும் ஊரில். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது தமிழ்நாட்டு அட்ரஸ் அல்லே? அவிடப் போய் எடுக்கணும்." லீவு போட்டு அங்கே போனேன். "நீங்க குடியிருக்கது திருவனந்தபுரத்துலன்னா அங்கேயே எடுக்க வேண்டியதுதானம்மா?" என்று அங்கிருந்தவர் டீயை ஆற்றினார். இரண்டு ராஜ்யத்துக்கும் நான் வேண்டாதவள். நடுவில் களியிக்காவிளைச் செக்போஸ்ட்டில் ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டால் எல்லோருக்கும் சௌகரியம்.

விலாசத்தை மாற்றப்போகிறேன் என்றதும் மாமியார் போனில் அழுதார். "என்ன மக்கா இப்பிடிச் சொல்லுக? ரேஷன் கார்டுல பேரு போயிரும்லா? நாளைக்கு ஊருல நம்மள எவன் மதிப்பான்?" இன்றைக்கு எவன் மதிக்கிறான் என்று கேட்க வாய் வரை வந்தது. பேத்திக்கு இழுத்த அன்று அந்த ரேஷன் கார்டில் ஏறியா ஆஸ்பத்திரிக்குப் போவது?

நீ இங்கே வேலைக்கு வந்த முதல் வாரமே ஹாஸ்டல் விலாசத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவள். நான் அதிசயமாகக் கேட்டேன், சொந்த ஊர் வேண்டாமா என்று. நீ போனக்காட்டு மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம், கதவில் எழுதின நம்பரும் தோட்டத்துக்குச் சொந்தம். "உங்களுக்கெல்லாம் ஊர்னு ஒண்ணு பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கு. எனக்கு அது இல்லடீ. நான் எங்க பல்லு தேய்க்கிறேனோ அதுதான் என் விலாசம்" என்றாய்.

விலாசம் மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டேன். வாடகை வாங்க நீளும் கை கையெழுத்து என்றதும் மடங்கிக்கொண்டது. "நமக்குள்ள எந்தினு மோளே எக்ரிமென்ட்? ஞான் உனக்கு அச்சன் மாதிரி அல்லே?" அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம், திருவிழா கழியட்டும் என்றார். திருவிழா கழிந்ததும் கண்ணாடி உடைந்துவிட்டது என்றார்.

அப்போதுதான் உன் தயிர்சாதம் ஞாபகம் வந்தது. உன் லைசென்சை இழுத்தடித்தபோது நீ சண்டை போடவில்லை. கவுண்டருக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறந்து மாங்காய் ஊறுகாயோடு நிதானமாகச் சாப்பிட்டாய். மறுநாளும். பக்கத்தில் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்த என்னிடம் சொன்னாய்: "காத்திருக்கிறதை அவனுங்க கண்ணு முன்னாடி காத்திருக்கணும். வீட்டுக்குப் போய்க் காத்திருந்தா மறந்துருவானுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்காரர் வாசலில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிற நேரத்தில், பாப்பாவோடு இறங்கிப் போனேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் நெபுலைசரை அவருடைய பிளக்கிலேயே செருகினேன். அது கர்ரென்று இரைய ஆரம்பித்தது. முத்திரைத்தாளை அவருடைய பேப்பர் மேல் வைத்துவிட்டு டிபன் பாக்சைத் திறந்தேன்.

"இதெந்தா மோளே?"

"ஒண்ணுமில்ல சார். நீங்க கண்ணாடி மாத்துற வரைக்கும் இங்கேயே இருக்கோம். சீட் அழுக்காகாது, பேப்பர் விரிச்சுட்டேன்."

நிஜமாகவே விரித்திருந்தேன். அவருடைய ஞாயிறு மலரை. உன்னைப் போல அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று, குழந்தைக்கு என்ன என்று விசாரித்தார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து பாப்பாவைப் பார்த்தாள், முத்திரைத்தாளைப் பார்த்தாள். "ஒப்பிட்டுக் கொடுக்கு மனுஷ்யா, நாணம் கெட்டவனே!" கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது; எடுத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பிறகும் ஆதார் மாற, விண்ணப்பம் நகர, ஒவ்வொன்றுக்கும் போய் உட்கார்ந்தேன். பரிசீலனையில், பரிசீலனையில் என்றார்கள். மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் தீர்ந்தது. இன்று மத்தியானம் எல்.எல். வந்துவிட்டது. என் பெயருக்குக் கீழே, நான் பல் தேய்க்கிற விலாசம். மாமியார் இன்னும் பேசவில்லை. இவர், ஏஜென்டிடம் போயிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்றார். அவருடைய ஷூவையும் உன் பாணியில் பார்க்கலாம் என்றால் வீடியோ காலில் ஷூ தெரியவில்லை.

ஸ்கூட்டரில் சிவப்பு எல் ஒட்டியாயிற்று. நாளைக் காலை கேட்டுக்கு வெளியே இறக்கப் போகிறேன். பயமாக இருக்கிறது. உன் வாயில் கொஞ்சம் எனக்கு வந்திருக்கிறது, உன் ஹெல்மெட்டும் பொருந்துகிறது. ஆனால் அத்தனை வருஷமும் நான் பார்த்தது உன் முதுகை மட்டும்தான். லாரி உரசிக்கொண்டு போகும்போது முன்னால் உன் முகம் எப்படி இருந்தது? நீயும் பயந்தாயா? பயந்துகொண்டுதான் என்னைப் பேசக்கூடாது என்றாயா?

இதை மட்டும் சொல். பழைய விலாசத்துக்கு எழுதாதே, இப்போது நான் அங்கே இல்லை. சீக்கிரம் பதில் போடு.